திரோபிட்டாவில் வரும் கோளாறுகள்: அடையாளம் கண்டு சரிசெய்யும் வழிமுறை

ஃபிலோ எனப்படும் காகிதம்போல் மெல்லிய மாவுத்தாள்களுக்கு நடுவே, ஃபெட்டா என்ற உப்பான வெள்ளைச் சீஸும் முட்டையும் கலந்த பூரணத்தை வைத்துச் சுடுகிற கிரேக்கப் பண்டம் திரோபிட்டா. அந்த நாட்டில் காலையில் பேக்கரி திறந்ததும் சூடாக விற்கும்; வீடுகளில் பெரிய ட்ரேயில் சுட்டுச் சதுரமாக வெட்டிப் பரிமாறுவார்கள். செய்முறை எளிதுதான். ஆனாலும் அடி நமுத்துப்போகும், மேல்தாள் கருகும், உப்புக் கரிக்கும், வெட்டினால் தண்ணீர் ஓடும். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் நீர். ஃபிலோ தன்னிடமுள்ள ஈரத்தை முழுக்க இழந்தால்தான் மொறுமொறுக்கும். அதற்கு நடுவில் இருக்கும் பூரணத்திலோ பாதிக்கு மேல் நீர். எனவே எது கெட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது, நீர் எங்கிருந்து வந்தது, ஏன் வெளியேறவில்லை என்பதைத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு

கீழே சொல்லும் திருத்தங்கள் எல்லாம் இந்த அளவை வைத்துச் சொல்லப்படுபவை. 25 செ.மீ.க்கு 35 செ.மீ. உலோக ட்ரே. ஃபிலோ 450 கிராம் பாக்கெட் ஒன்று. பெரும்பாலும் 10 முதல் 12 தாள் இருக்கும். ஃபெட்டா 400 கிராம். உப்பில்லாத மென்மையான சீஸ் 250 கிராம். கிரேக்கத்தில் இதற்கு அந்தோதிரோ அல்லது மிசீத்ரா போடுவார்கள், மற்ற இடங்களில் ரிக்கோட்டா. முட்டை 3. வடிகட்டிய கெட்டித் தயிர் 150 கிராம். நைஸ் ரவை 2 மேசைக்கரண்டி. மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, விருப்பப்பட்டால் பொடியாக நறுக்கிய புதினா. தாள்களில் தடவ, உருக்கித் தெளியவைத்த வெண்ணெய் 100 மி.லி.யும் ஆலிவ் எண்ணெய் 50 மி.லி.யும் கலந்தது. தனியாக உப்பு கிடையாது.

ட்ரேயில் எண்ணெய் தடவி, 6 அல்லது 7 தாளை ஒவ்வொன்றாக எண்ணெய் தடவி அடுக்குங்கள். ஓரங்கள் ட்ரேக்கு வெளியே தொங்கட்டும். பூரணத்தைப் பரப்பி, தொங்கும் ஓரங்களை உள்ளே மடித்து, மீதித் தாள்களை மேலே அடுக்குங்கள். மேல் அடுக்கை மட்டும் 12 துண்டுகளாகக் கீறி, கையில் தண்ணீர் தொட்டு லேசாகத் தெளித்து, சூடேறிய ஓவனின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலும் கீழும் கம்பி சூடாகும் ஓவனில் 180 டிகிரி செல்சியஸ், விசிறி ஓடினால் 165. 50 முதல் 55 நிமிடம். வெளியே எடுத்து, மூடாமல் 20 நிமிடம் விட்ட பிறகு வெட்டுங்கள்.

தாளைப் பிரித்ததுமே நொறுங்குகிறது, அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது

இரண்டும் எதிரெதிர்க் கோளாறுபோல் தெரிந்தாலும் உறைபதனத்திலிருந்து எடுத்த விதமே இரண்டுக்கும் காரணம். உறைந்த பாக்கெட்டை நேராக மேடையில் வைத்தால் வெளிப்புறம் சீக்கிரம் இளகி வியர்க்கும், நடுப்பகுதி இன்னும் பனியாக இருக்கும். அந்த வியர்வை தாள்களுக்கு நடுவே இறங்கி மாவைப் பசையாக்கிவிடுகிறது. நடுவில் பனி இருக்கும்போதே பிரித்தால் மடிப்பு விழுந்த இடத்தில் கோடு கோடாக உடையும். பாக்கெட்டை முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, உறையைப் பிரிக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

சரியாக இளகிய பிறகும் ஓரங்கள் மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்தால், அந்தப் பாக்கெட் கடையிலோ வழியிலோ ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கும். அதைத் திருத்த முடியாது. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டிவிட்டு நல்ல பகுதியைப் பயன்படுத்துங்கள்.

வேலை நடக்கும்போது தாள் காய்ந்து உடைந்தால் காரணம் காற்று. மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசி காற்று மேடைமேல் நேராக விழ விடாதீர்கள். விரித்த அடுக்கை பிளாஸ்டிக் தாளால் மூடி அதன்மேல் ஈரத்துணியைப் போடுங்கள். ஈரத்துணி நேரடியாக ஃபிலோவைத் தொட்டால் மேல் இரண்டு தாள் கூழாகிவிடும்.

ஒன்றிரண்டு தாள் கிழிவதால் ஒன்றும் கெடாது. கிழிசலை அடி அடுக்கின் நடுவில் வைத்து, எண்ணெய் தடவி அடுத்த தாளை மேலே போட்டால் தெரியவே தெரியாது. முழுசாக இருக்கும் நல்ல தாள் இரண்டை மட்டும் கடைசி மேல் அடுக்குக்கு எடுத்துவையுங்கள். மொத்தப் பாக்கெட்டும் துண்டு துண்டானால் திட்டத்தையே மாற்றிப் பட்சவுரோபிட்டா செய்யுங்கள். கிரேக்க வீடுகளில் மீந்த தாள்களுக்கு இதுதான் வழி. தாள்களைத் தளர்வாகக் கசக்கி எண்ணெய் தடவிய ட்ரேயில் நெருக்கி வைத்து, இடையிடையே ஃபெட்டாவை உதிர்த்துப் போட்டு, எண்ணெய் தெளித்து, 10 நிமிடம் ஓவனில் காயவிடுங்கள். பிறகு 3 முட்டை, 250 மி.லி. பால், 150 கிராம் தயிர் அடித்த கலவையை ஊற்றி 180 டிகிரியில் 40 நிமிடம் சுடலாம்.

மேலே பொன்னிறம், அடிப்பக்கம் நமுத்த மாவு

அதிகம் பேருக்கு வருவது இந்தக் கோளாறு. காரணங்கள் நான்கைந்து இருப்பதால் ஒவ்வொன்றாகத்தான் ஆராய வேண்டும்.

முதலில் துண்டைப் புரட்டிப் பாருங்கள். அடித்தாள் வெளுத்து, அழுத்தினால் பிசுபிசுவென்று இருந்தால் அடியில் சூடு போதவில்லை. தாள் ஓரளவு சிவந்தும் பூரணத்தைத் தொடும் உள்பக்கம் மட்டும் களியாக இருந்தால் பூரணத்தில் நீர் அதிகம்.

சூடு போதாததற்குப் பெரும்பாலும் ட்ரேதான் காரணம். கண்ணாடியும் தடித்த பீங்கானும் மெதுவாகச் சூடேறும். அவை சூடேறும் வேளையில் பூரணத்தின் நீர் அடித்தாள்களில் ஊறிவிடும். அடர்நிற மெல்லிய உலோக ட்ரே இதற்கு மிகச் சிறந்தது. கண்ணாடி மட்டுமே இருந்தால் 10 நிமிடம் கூடுதலாகச் சுட்டு, கடைசிக் கால் மணி நேரம் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். ஓடிஜி வைத்திருப்பவர்கள் கம்பித்தட்டைக் கீழ்ப்படியில் வைத்து, முதல் 20 நிமிடம் கீழ்க்கம்பியை மட்டும் ஓடவிட்டு, பிறகு இரண்டையும் போடுவது நல்ல பலன் தரும். சிறிய ஓவன்களில் திருகு காட்டும் அளவும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. ஓவனுக்கான தெர்மாமீட்டர் ஒன்று வாங்குவது வீண்செலவே அல்ல.

பூரணத்தின் நீர் வேறு விஷயம். ஃபெட்டா உப்புநீரில் ஊறியபடி வருகிறது. எடுத்ததும் அப்படியே உதிர்த்தால் அந்த நீரும் சேர்ந்தே வரும். வடிதட்டில் 30 நிமிடம் வைத்து, காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். ரிக்கோட்டாவை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி 2 மணி நேரமாவது தொங்கவிடுங்கள். 250 கிராம் டப்பாவிலிருந்து எவ்வளவு வெள்ளை நீர் இறங்குகிறது என்று கிண்ணத்தைப் பார்த்தாலே கோளாறு புரியும். தயிரும் அப்படித்தான்: வீட்டுத் தயிராக இருந்தால் 300 கிராமைக் கட்டித் தொங்கவிட்டால் நமக்கு வேண்டிய 150 கிராம் தேறும். ரவை 2 கரண்டி என்பது மீந்த நீரைக் குடிப்பதற்கு. அதை விட்டுவிட்டுச் செய்யும் குறிப்புகளைவிட இது பாதுகாப்பானது என்பது எங்கள் கருத்து.

கலந்து வைத்துவிட்டுப் போவது இன்னொரு தவறு. ஃபெட்டாவின் உப்பு, பக்கத்திலுள்ள ரிக்கோட்டாவிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். கலக்கும்போது கரண்டியிலிருந்து கட்டியாக விழுந்த பூரணம் ஒரு மணி நேரத்தில் ஓடத் தொடங்குகிறது. அடித்தாள்களை அடுக்கி முடித்த பிறகே முட்டையைச் சேர்த்துக் கலக்குங்கள், கலந்ததும் பரப்புங்கள், பரப்பியதும் ஓவனுக்குள் போகட்டும். ஓவன் அதற்கு முன்பே சூடேறியிருக்க வேண்டும்.

அடித்தாள்களுக்கு இடையில் எண்ணெய் விடுபட்ட இடங்களும் அடியைக் கெடுக்கும். எண்ணெய் படாத இரண்டு தாள் ஒட்டிக்கொண்டால் ஒரே தடித்த மாவுப் பட்டையாகி வேகாமல் நிற்கும். வேண்டுமானால் பூரணத்தின் கீழே வரும் கடைசித் தாளின்மேல் ஒரு மேசைக்கரண்டி ரவையையோ பொடித்த ரஸ்க்கையோ தூவுங்கள்.

ஏற்கெனவே சுட்டு எடுத்தது நமுத்திருந்தால், உலோக ட்ரேயாக இருக்கும் பட்சத்தில் அடுப்பின் மிகச் சிறிய தீயில் வைத்து, சுற்றிச் சுற்றி நகர்த்தியபடி 3, 4 நிமிடம் காட்டுங்கள். அடியிலிருந்து சன்னமாகப் பொரியும் சத்தம் கேட்டு, நெய் வாசனை எழும்போது எடுத்துவிடலாம். கண்ணாடி ட்ரேயை ஒருபோதும் அடுப்பில் வைக்கக் கூடாது, வெடிக்கும்.

உப்புக் கரிக்கிறது

100 கிராம் ஃபெட்டாவில் 2 முதல் 3 கிராம் வரை உப்பு இருக்கும். 400 கிராமில் எவ்வளவு சேர்கிறது என்று கணக்கிட்டால், இந்தப் பண்டத்துக்குத் தனியே உப்புப் போடத் தேவையில்லை என்பது தெளிவு. தடவுகிற வெண்ணெயும் உப்பில்லாததாகவே இருக்கட்டும்.

வாங்கிய ஃபெட்டா எவ்வளவு உப்பு என்பதை முட்டை சேர்க்கும் முன்பே, கட்டியிலிருந்து ஒரு துணுக்கை மட்டும் உதிர்த்து ரிக்கோட்டாவோடு கலந்து வாயில் போட்டுப் பாருங்கள். முட்டையும் தயிரும் சேர்ந்தால் சுவை இன்னும் தணியும். ஆகவே இந்தக் கட்டத்தில் சற்றுத் தூக்கலாக இருப்பதே சரி. நாக்கைச் சுண்டினால் மட்டும் திருத்த வேண்டும். முழுக்கட்டியைத் தண்ணீரில் போடுவதால் பெரிதாக ஒன்றும் குறையாது. உதிர்ப்பதற்கு முன்பே 2 செ.மீ. தடிமனுள்ள வில்லைகளாக வெட்டி, குளிர்ந்த நீரில் 45 நிமிடம் ஊறவிட்டு, நடுவில் ஒருமுறை நீரை மாற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், கொழுப்பும் இளகிப் போகும். தண்ணீருக்குப் பதில் பாலில் ஊறவைத்தால் சுவை அதிகம் கழுவப்படாது. எதில் ஊறவைத்தாலும் எடுத்த பின் நன்றாக ஒற்றி உலர்த்தாவிட்டால் முந்தைய பகுதியில் சொன்ன நமுப்பு வந்து நிற்கும்.

இங்கே எந்தச் சீஸ் என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் ஃபெட்டா என்ற பெயர் கிரேக்கச் சீஸுக்கு மட்டுமே உரியது. செம்மறி ஆட்டுப் பாலில், அல்லது அதோடு 30 சதவீதம் வரை வெள்ளாட்டுப் பால் சேர்த்துச் செய்து, குறைந்தது 2 மாதம் முதிரவிட வேண்டும். ஈரம் 56 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒன்றியத்துக்கு வெளியே பல நாட்டுக் கடைகளில் பசும்பாலில் செய்த வெள்ளைச் சீஸும் அதே பெயரில் அடுக்கப்பட்டிருக்கும். வளைகுடா நாடுகளில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் வழவழப்பான வகை, வடிகட்டிச் செறிவாக்கிய பாலை அப்படியே தயிர்போல் உறையவைத்துச் செய்வது. அதில் தயிர்க்கட்டியை வெட்டி மோர்நீரை வடிக்கும் வேலை நடப்பதில்லை. ஆட்டுப்பால் ஃபெட்டா உதிர்ந்து, சூட்டிலும் பருக்கை பருக்கையாக நிற்கும். இந்த வழவழப்பான வகையோ ஓவனில் க்ரீம்போல் தளர்ந்துவிடும். அதுதான் கிடைக்கிறது என்றால் தயிரை 50 கிராமாகக் குறைத்து, ரவையை 3 கரண்டியாக்குங்கள்.

ரிக்கோட்டாவுக்குப் பதில் பனீர் போடலாமா என்றால், கடையில் கட்டியாக விற்கும் பனீர் சரிவராது. அது அழுத்தி நீர் பிழிந்தது. பூரணத்தில் உருகாமல் ரப்பர் துணுக்காக நிற்கும். பாலை எலுமிச்சையில் திரித்து, துணியில் அழுத்தாமல் 30 நிமிடம் மட்டும் வடித்த தளர்ந்த பனீர், மிசீத்ராவின் வேலையை ஓரளவு நன்றாகவே செய்யும். தயிரோடு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள்.

சுட்டு முடித்த பிறகு உப்புத் தெரிந்தால் உள்ளே செய்ய ஒன்றுமில்லை. வெள்ளரி, தக்காளி, தர்பூசணியோடு பரிமாறுங்கள். கோடையில் ஃபெட்டாவோடு தர்பூசணி சாப்பிடுவது கிரேக்கர்களின் வழக்கம்தான்; இனிப்பும் நீரும் உப்பைத் தணிக்கும்.

எதிர்க்கோளாறும் உண்டு: சப்பென்று இருப்பது. அதற்கு உப்பைவிட நல்ல மருந்து, முதிர்ந்த கடினச் சீஸ். 60 கிராம் கெஃபலோதிரி அல்லது கிரவியேராவைத் துருவிப் போட்டு அதே அளவு ரிக்கோட்டாவைக் குறையுங்கள். இவை கிடைக்காவிட்டால் பார்மிசான்.

வெட்டினால் நீர் கசிகிறது, பூரணம் திரிதிரியாக இருக்கிறது

முட்டையின் புரதம் இறுகிப் பூரணத்தைப் பிடித்துக்கொள்வது ஏறக்குறைய 75 முதல் 80 டிகிரிக்குள். அதைத் தாண்டி வெகுநேரம் சூடு போனால் புரதம் மேலும் சுருங்கி, பிடித்த நீரைத் துப்பிவிடும். சுட்ட திரோபிட்டாவில் தெளிந்த நீர் தேங்கி, பூரணம் ரவை ரவையாகத் தெரிந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று பொருள். வெள்ளையாக, பால்போல் வழிந்தால் இன்னும் வேகவில்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நீரைக் கண்டதும் மறுபடி ஓவனில் வைத்தால் முதல் வகை இன்னும் மோசமாகும்.

சூடாக வெட்டினாலும் இதே தோற்றம் வரும். 20 நிமிடம் ஆறினால் பூரணம் தானே இறுகும். ஓவனில் புடைத்து எழுந்த நடுப்பகுதி ஆறும்போது அமுங்குவது இயல்பு. முட்டைக்குள்ளிருந்த நீராவி அடங்குவதுதான் அது.

முட்டை சேர்க்காமல் செய்து உதிர்ந்து போனால், தயிருக்குப் பதில் வெள்ளைச் சாஸ் போடுங்கள். நகரத்துக் கிரேக்க வீடுகளில் முட்டையோடும்கூட இப்படிச் செய்வதுண்டு. 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவை வறுத்து, 400 மி.லி. பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கெட்டியாக்கி, முழுக்க ஆறவிட்ட பிறகே சீஸைக் கலக்க வேண்டும். சூடாகப் பரப்பினால் அடித்தாள் அங்கேயே வெந்து களியாகும்.

மேலே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை

சூடு அதிகம், அல்லது ட்ரே மேல்தட்டில் இருந்தது. மூன்றாவது காரணம் வெண்ணெய். சாதாரண வெண்ணெயில் 16 சதவீத அளவுக்கு நீரும் கொஞ்சம் பால்புரதமும் இருக்கின்றன. நீர் தாளை நனைக்கும், புரதம் கரும்புள்ளியாகத் தீயும். உருக்கி, மேல் நுரையை எடுத்து, அடியில் தங்கும் வெள்ளைப் படிவை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் தடவுங்கள். 130 கிராம் வெண்ணெயிலிருந்து 100 மி.லி. சொச்சம் கிடைக்கும். நம் நெய்யும் இதே வேலையைச் செய்யும். வாசனை தூக்கலாக இருப்பதால் பாதிக்குப் பாதி ஆலிவ் எண்ணெய் கலப்பது நல்லது.

30 நிமிடத்திலேயே நிறம் ஏறினால் அலுமினியத் தாளைப் போர்த்திவிட்டு, சூட்டை 170க்கு இறக்கி, நேரத்தை முழுதாகக் கொடுங்கள். 50 நிமிடத்துக்குப் பிறகும் வெளிறியே இருந்தால் மேல்தாளில் எண்ணெய் போதவில்லை; வெளியே இழுத்து, பிரஷ்ஷால் லேசாகத் தொட்டு, 200 டிகிரியில் 5 நிமிடம்.

மேல்தாள் சுருண்டு பறக்கிறது, வெட்டும்போது தூளாகிறது

ஓவன் விசிறியின் காற்று உலர்ந்த தாளைத் தூக்குகிறது. சுடுவதற்கு முன் தெளிக்கும் தண்ணீர் இதற்குத்தான்: முதல் சில நிமிடம் தாளைக் கனமாக்கிக் கீழ்த்தாளோடு ஒட்டவைக்கும், பிறகு ஆவியாகிவிடும். ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

தூளாவதற்குக் காரணம் முன்கூட்டியே கீறாதது. சுட்ட பிறகு கத்தி வைத்தால் 5 தாளும் ஒன்றாக உடையும். சுடுவதற்கு முன் கூர்மையான சிறு கத்தியால் மேல் அடுக்கை மட்டும் வெட்டுங்கள். கத்தி பூரணத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். நீராவி போக வழியும் கிடைக்கும். அடிவரை வெட்டினால் முட்டை இறங்கி ட்ரேயோடு ஒட்டும். வெட்டும்போது தாள் கத்தியோடு இழுபட்டால், ட்ரேயை 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் இறுகி வெட்டு சுத்தமாக விழும்.

எண்ணெய் சொட்டுகிறது

ஒரு தாளுக்கு 2 தேக்கரண்டி போதும். தாள் முழுக்க நனைய வேண்டியதில்லை; ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்து, இடையிடையே வெற்றிடம் இருந்தாலும் சரி. பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்காமல் தொட்டுத் தொட்டு எடுங்கள். நன்கு சுடப்படாத திரோபிட்டாவும் எண்ணெய்ப் பிசுக்காகவே தோன்றும். அடியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓரம் மட்டும் தோல்போல் கெட்டியாக இருக்கிறது

தொங்கிய தாள்களை உள்ளே மடிக்கும்போது ஓரத்தில் 12 அடுக்கு குவிகிறது, அதில் பாதி எண்ணெய் படாதது. 4 செ.மீ.க்கு மேல் தொங்குவதைக் கத்தரித்துவிட்டு, ஒவ்வொரு மடிப்புக்கும் எண்ணெய் தொட்டு மடியுங்கள்.

முக்கோணச் சின்னப் பண்டங்கள் வெடிக்கின்றன

திரோபிட்டாக்கியா எனப்படும் சிறிய முக்கோணங்களுக்கு 7, 8 செ.மீ. அகலப் பட்டையும் குவிக்காத ஒரு தேக்கரண்டிப் பூரணமும் போதும். முட்டை விரியும், இறுக்கி மடித்தால் அதற்கு இடமிருக்காது. முதல் மடிப்பைத் தளர்வாகவும் முனைகளை நன்றாக மூடியும் மடியுங்கள். பூரணமும் கெட்டியாக இருக்க வேண்டும்: 3 முட்டைக்குப் பதில் 2, தயிர் வேண்டாம்.

வீட்டில் தேய்க்கும் தாள் சுருங்கிக்கொண்டே போகிறது

500 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி உப்பு, 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர், 250 முதல் 270 மி.லி. வெதுவெதுப்பான நீர். 10 நிமிடம் பிசைந்து, 6 உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவி மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். தேய்த்ததும் பின்வாங்கினால் மாவின் இழுவை இன்னும் அடங்கவில்லை; அடித்துத் தேய்க்காமல் இன்னொரு 20 நிமிடம் விட்டுவிட்டு வேறு உருண்டையை எடுங்கள். பலகையில் ஒட்டாமல் இருக்க மைதாவைத் தூவாதீர்கள், அது மாவுக்குள் போய் இறுக்கிவிடும், கார்ன்ஃபிளார் தூவுங்கள். இந்தத் தாள் கடைத்தாளைவிடத் தடிமன் என்பதால் அடியில் 3, மேலே 3 போதும். 190 டிகிரியில் ஒரு மணி நேரம் வரை பிடிக்கும்.

ஃபிலோவே கிடைக்கவில்லை

கிரேக்கத்தின் எபிரஸ் பகுதியிலுள்ள ஸகோரி மலைக்கிராமங்களில் தாளே இல்லாமல் அலெவ்ரோபிட்டா செய்கிறார்கள். 250 கிராம் மைதா, ஒரு முட்டை, 2 மேசைக்கரண்டி எண்ணெய், ஏறக்குறைய 375 மி.லி. நீர் சேர்த்து, நீர்த்த தோசை மாவுப் பதத்தில் கரைத்து, எண்ணெய் ஊற்றிச் சூடேற்றிய பெரிய ட்ரேயில் ஊற்றுங்கள். மேலே 250 கிராம் ஃபெட்டாவை உதிர்த்து, 50 கிராம் வெண்ணெயைத் துணுக்குகளாகப் போட்டு, 220 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம்.

இதில் வரும் ஒரே பெரிய கோளாறு, பண்டம் கேக்போல் மெத்தென்று ஆவது. மாவு அரை செ.மீ.க்கு மேல் நின்றாலோ, ட்ரே குளிர்ந்திருந்தாலோ அப்படித்தான் வரும். ட்ரேயை 10 நிமிடம் ஓவனில் சூடாக்கி, மாவு விழும்போது சுர்ரென்று சத்தம் வர வேண்டும். ஓரம் கருஞ்சிவப்பாகி ட்ரேயைவிட்டு விலகும்வரை பொறுங்கள்.

மறுநாள் நமுத்துவிட்டது

சுட்ட சூட்டில் மூடிவைத்தால் அன்றைக்கே நமுக்கும். கம்பித்தட்டில் முழுக்க ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். 3 நாள் தாங்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வெளியே வைத்தால் ஒரு மாலையிலேயே தாள் தொய்ந்துவிடும். மைக்ரோவேவ் பூரணத்தின் நீரை ஆவியாக்கித் தாளுக்குள் செலுத்தும் என்பதால் அது வேண்டாம். 165 டிகிரி ஓவனில் மூடாமல் 12 நிமிடம். ஓவன் இல்லாதபோது தடித்த தோசைக்கல்லில் சிறு தீயில் அடிப்பக்கம் படும்படி 6, 7 நிமிடம்.

முன்கூட்டியே செய்துவைக்க நினைத்தால் சுடாமலே உறையவையுங்கள். கீறல்களைப் போட்டு, மேலே எண்ணெய் தடவி, இறுகச் சுற்றி ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். சுடும் நாளில் இளகவிடாமல் ஃப்ரீசரிலிருந்து நேராக ஓவனுக்குப் போக வேண்டும். இளகினால் பூரணத்தின் நீர் முழுக்க அடித்தாளில் இறங்கும். வழக்கமான நேரத்தோடு 15 முதல் 20 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கும் உலோக ட்ரேதான். உறைந்த கண்ணாடி ட்ரே சூட்டில் விரிசல் விடும்.